மூன்றாவது லைன்

எங்கள் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் அடித்தளத்தில், சலவைப் பிரிவுக்கும் உடைந்த கட்டில்களைப் போட்டு வைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிறது. மேலே அறுவை சிகிச்சை முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் தட்டுத் தட்டாக லிப்டில் இறங்கி எங்களிடம் வரும். கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, மறுபடி தட்டில் அடுக்கி, நீலத் துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவோம். சூடாக வெளியே வந்தது ஆறியதும் மறுபடி மேலே போகும். நாள் முழுக்க இதுதான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஆளுக்கொரு இரும்பு லாக்கர் உண்டு. போனை அதில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தொப்பியும் கையுறையும் மாட்ட வேண்டும்.

என் எதிர் மேஜையில் வேலை செய்தவள் நெட்டக்கா. அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில் மட்டும். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரப் பழகியவள். மேல் அடுக்கில் இருக்கும் பெரிய தட்டுகளை ஸ்டூல் போடாமல் எடுப்பாள். குள்ளமான நாங்கள் நாலைந்து பேர் அவளை நம்பித்தான் பிழைத்தோம். "என்னை ஏணின்னு நெனச்சிட்டீங்களாடி" என்பாள். ஆனால் கேட்பதற்கு முன்பே தட்டு இறங்கிவிடும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லாக்கர்களுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்காருவோம். மற்றவர்கள் போனை எடுத்ததும் யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். நெட்டக்கா அதைப் பார்க்க மாட்டாள். நேராகப் போன் கம்பெனியின் ஆப்பைத் திறப்பாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிக்கொண்டு ஒரே ஒரு பக்கத்தை உற்றுப் பார்ப்பாள். பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள்.

"என்னக்கா, ஷேர் மார்க்கெட்டா? ஏறுதா, எறங்குதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னிக்கு ஏறியிருக்கு" என்றாள் சிரிக்காமல். "நேத்து ரொம்ப நேரம் பேசியிருக்கா."

அப்போதுதான் எனக்குப் பாப்பாவைப் பற்றித் தெரிந்தது. ஒரே நாளில் இல்லை. அக்கா ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் பாதியில் இயந்திரம் மணியடித்துவிடும், மீதி அடுத்த வாரம்தான். அப்படிச் சேர்த்து வைத்ததைத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் ஆனது. தம்பிகளைப் படிக்க வைத்து, படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்து, எல்லாரும் அவரவர் வழியில் போன பிறகு திரும்பிப் பார்த்தால் நாற்பதை நெருங்கியிருந்தாள். காலை ஷிப்டுக்கு முதல் பஸ்ஸில் வருவாள். பஸ் முக்கால்வாசி காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள். பல மாதம் கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"இவ்வளவு சீட்டு இருக்கே, உட்கார்ந்தா என்ன?"

"உட்கார்ந்தா தூங்கிடுவேன். எறங்க மறந்துடுவேன்."

"நான் எழுப்பி விடுறேன், உட்காருங்க."

"அன்னிக்கு உட்கார்ந்ததுதான்" என்பாள் அக்கா. அவர் மனைவியை இழந்தவர். ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவர் அவளைப் 'பாப்பா' என்றே கூப்பிடுவார். அக்காவும் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டாள். பாப்பாவுக்குத்தான் அக்காவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. 'சித்தி' என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். மற்றவர்களிடம் பேசும்போது "சித்தி வரச் சொன்னாங்க" என்று சொல்வாள். நேருக்கு நேர் வந்தால் எந்தப் பெயரும் கிடையாது. அக்கா அடுப்படியில் இருந்தால் அடுப்படி வாசலில் வந்து நிற்பாள், அக்கா திரும்பிப் பார்க்கும்வரை. திரும்பினால், "அப்பா கூப்பிடுறாரு." எப்போதும் 'நீங்க'தான், ஒரு தடவைகூட 'நீ' இல்லை.

"மரியாதையான பொண்ணு" என்று அக்கம்பக்கத்தில் புகழ்வார்கள். "பெத்தவள யாரு வாங்க போங்கன்னு கூப்பிடுவா? அந்த மரியாதையே எனக்குக் குத்தும்" என்றாள் அக்கா என்னிடம்.

இன்னொரு கதை உண்டு, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது கேட்டில் ஒரு சிறுமி, "உங்க அம்மா எவ்வளவு நெட்டை" என்றாளாம். பாப்பா அண்ணாந்து அக்காவைப் பார்த்தாள். பிறகு அந்தச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இல்லன்னு சொல்லலடி" என்பாள் அக்கா. கதை அவ்வளவுதான்.

பாப்பா பள்ளிப் படிப்பை முடித்ததும் அவள் அப்பா ஒரு பையில் மூன்று போன் பெட்டிகளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே அக்கவுண்டில் மூன்று பேர் சேரும் பிளான். முதல் லைன் அவருக்கு, இரண்டாவது அக்காவுக்கு, மூன்றாவது பாப்பாவுக்கு. அந்தக் கம்பெனி சிம் தவிர வேறு சிம் அந்தப் போன்களில் வேலை செய்யாது என்று எங்கோ பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை யார் படித்தார்கள்? டிப்போவில் எல்லாரிடமும் போனைக் காட்டி, "இப்ப நாங்க மூணு பேரும் ஒரே பில்லுல இருக்கோம்" என்று சொல்லித் திரிந்தாராம். குடும்பமாகிவிட்டோம் என்பதற்கு அவருக்கு அது ஒரு அத்தாட்சி போல.

பாப்பா வெளியூரில் கல்லூரியில் இருந்தபோது, டிப்போ ஓய்வறையில் டீ கிளாசைக் கையில் வைத்தபடியே அவர் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, கிளாசை மெதுவாக வாங்கிக் கீழே வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அக்கவுண்ட் அக்கா பெயருக்கு மாறியது. முதல் லைனை ரத்து செய்தார்கள். ஆப்பில் பட்டியல் இரண்டாவதில் இருந்து தொடங்கும்: இரண்டு, மூன்று. ஒன்று என்ற இடம் இல்லை.

பாப்பா விடுமுறைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவை வந்தவள் அப்பாவின் அலமாரியைத் திறந்தாள். காலி. சட்டை, காக்கி உடுப்பு, குளிருக்குப் போடும் கம்பளி எல்லாவற்றையும் அக்கா டிப்போவில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் கதவைத் திறந்தால் டீசல் வாசனையும் அவர் வாசனையும் சேர்ந்து வரும், திறந்த அக்கா மூடாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், வேலைக்குப் போகப் பிந்திவிடும். இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்துதான் கொடுத்தாள். ஆனால் இதைப் பாப்பாவிடம் சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

"ஒரு சட்டையாவது எனக்கு வெச்சிருக்கலாம்ல" என்றாள் பாப்பா.

"கேக்கணும்னு தோணலம்மா."

"உங்களுக்குத் தோணாது. உங்களுக்கு அது வெறும் துணி."

மறுநாள் காலையில் கிளம்பிப் போனாள். அதன்பிறகு வரவில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போனது அக்காவுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அக்கா கூப்பிட்டால் எடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அக்காவே பேச்சை முடித்துவிடும்வரை காத்திருப்பாள். நாளடைவில் அக்கா கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். ஆனால் மூன்றாவது லைன் மட்டும் அப்படியே இருந்தது. பாப்பாவும் அதை விடவில்லை, அக்காவும் விடச் சொல்லவில்லை. ஆப்பில் அந்த லைன் எவ்வளவு பேசியது, எவ்வளவு இண்டர்நெட் செலவழித்தது என்று வரும். யாரிடம், என்ன என்று வராது. அக்காவுக்கு அது போதும்.

ஒரு தடவை இரண்டு நாள் எதுவுமே ஏறவில்லை. அக்கா அன்று இடுக்கிகளைத் தப்பான தட்டில் அடுக்கினாள். அதுவரை அவள் வேலையில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் கத்திவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மத்தியானம் ஆப்பைத் திறந்தவள், "காய்ச்சலா இருந்திருக்கும். எழுந்துட்டா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. நாங்கள் பெஞ்சில் இருந்தோம். அக்கா கையில் இருந்த போன் அடித்தது. திரையில் 'பாப்பா' என்று இருந்தது. அக்கா கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். கை சுத்தமாகத்தான் இருந்தது. இயந்திரச் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் இருந்து அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனில் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பாள். இரண்டு பக்கப் பேச்சும் எனக்குக் கேட்டது.

"நான்தான்."

"தெரியுதும்மா. சொல்லு."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ எப்படி இருக்க?"

"இருக்கேன். ஒரு உதவி வேணும். இங்க இந்தக் கம்பெனி சிக்னல் சரியா வரல. வேற கம்பெனி சிம் வாங்கிப் போட்டேன். போன் எடுக்க மாட்டேங்குது, லாக் ஆகியிருக்காம். கம்பெனில கேட்டா, அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க சொன்னாத்தான் அன்லாக் பண்ணுவாங்களாம்."

"அப்பா பேர்ல இருந்துச்சு."

"இப்ப உங்க பேர்ல இருக்கு."

"ஆமா. நான்தான் மாத்தினேன்." அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "அது பழைய போனாச்சே. புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்ல? நான் வேணா..."

"வேண்டாம். இது அப்பா வாங்கிக் குடுத்தது."

அக்கா உதட்டை அழுத்திக்கொண்டாள். "சரிம்மா. என்ன பண்ணணும்னு சொல்லு."

ஒவ்வொரு போனுக்கும் ஒரு நீளமான எண் இருக்கிறதாம், அதைக் கம்பெனியில் சொல்ல வேண்டும். பாப்பா நிறுத்தி நிறுத்திப் படித்தாள். எழுதக் காகிதம் இல்லை. பொதிகளுக்கு ஒட்டும் நாடாவில் ஒரு துண்டு கிழித்து, அதில் மார்க்கர் பேனாவால் எழுதி, லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டினாள் அக்கா. மறுபடி ஒருதடவை அதைப் படித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.

"லாக் எடுத்ததும் நம்பர மாத்தாமலே அந்தக் கம்பெனிக்குப் போயிடுவேன். உங்க பில்லுல இருந்தும் என் லைன் போயிடும். உங்களுக்கும் பாரம் கொறையும்" என்றாள் பாப்பா.

"எனக்கு என்ன பாரம்" என்றாள் அக்கா.

அன்று அவள் சாப்பிடவில்லை. "கொரல் மாறவே இல்ல, பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள். பழைய குரல் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆமாம் என்றேன்.

கம்பெனிக் கடை ஆஸ்பத்திரியில் இருந்து நடக்கிற தூரம். ஷிப்ட் முடிந்து போனால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அக்கா போகவில்லை. கேட்டால், "கூட்டமா இருக்கும், சனிக்கிழமை பாக்கலாம்." சனிக்கிழமை போய்விட்டது. பாப்பா கூப்பிட்டாள்.

"கேட்டீங்களா?"

"போனேம்மா. அவங்க கம்ப்யூட்டர் வேலை செய்யலன்னுட்டாங்க. இன்னொரு நாள் வரச் சொன்னாங்க."

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சரி. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் பாப்பா. சும்மா பேச்சை முடிக்கக் கேட்டதுதான். ஆனால் அக்கா அன்று சாயங்காலம்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவளாவே கேட்டா. நீங்க சாப்பிட்டீங்களான்னு."

அடுத்த வாரம் அக்காவே பாப்பாவைக் கூப்பிட்டாள். "அந்த நீள நம்பர்ல ஒண்ணு விட்டுப்போச்சும்மா, மறுபடி சொல்றியா?" பாப்பா முழுவதும் படித்தாள். அக்கா ம், ம் என்று கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை. பேச்சோடு பேச்சாக, "அங்க குளிரா? ஆபீசுக்கு எதுல போற?" என்று கேட்டாள். பஸ்ஸில்தான் போகிறேன் என்றாள் பாப்பா. "உட்கார எடம் கெடைக்குதா?" என்றாள் அக்கா. அதற்குப் பாப்பா லேசாகச் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்பா அந்தப் பழைய கதையை அவளுக்கும் சொல்லியிருப்பார் போல.

போனை வைத்ததும் நான் எழுந்து போய் அவள் லாக்கரைப் பார்த்தேன். நாடாவில் எல்லா எண்களும் இருந்தன.

"என்னக்கா இது?"

அவள் டப்பாவை மூடி, அதற்கு ரப்பர் பேண்டு போட்டு, பையில் வைத்தாள்.

"குடுத்துட்டா அப்புறம் எதுக்குடி என்னைக் கூப்பிடுவா?"

ஏமாற்றுவது தப்புதான். ஆனால் அந்தச் சில வாரங்களில் அவள் முகத்தில் வந்திருந்த களையை நான் முன்பு பார்த்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுபடி பாப்பா கூப்பிட்டபோது சாயங்காலம். ஷிப்ட் முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தோம். போனில் பாப்பா குரலைவிட லாரிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. கூடவே மழை.

"எங்கம்மா இருக்க? ஒரே சத்தமா இருக்கே."

"ரோட்டுல. வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்காது. பேசணும்னா முக்குக்கு வந்துதான் பேசணும்."

"மழையிலயா?"

"குடை இருக்கு. என்ன சொன்னாங்க, கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா?"

அப்போது போனில் ஒரு ஆண் குரல் கேட்டது. கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுகிற குரல். "போதும் வாம்மா, நனையுற. நாளைக்குப் பேசிக்கலாம்."

"யாரும்மா அது?"

லாரி ஒன்று போனது. அது போய் முடிகிறவரை பாப்பா பேசவில்லை.

"என் வீட்டுக்காரர்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாலும் அவள் உயரம் தெரியும். அன்று தெரியவில்லை.

"எப்பம்மா?"

"போன வருஷம். பெரிசா ஒண்ணும் பண்ணல. பெரியம்மா வீட்டுல, கொஞ்சப் பேர்தான்."

பெரியம்மா என்பது அவளைப் பெற்றவளின் அக்கா.

"நல்லவரா?"

"ம். நல்லவர்."

"அது போதும். நல்லா இருக்கணும் ரெண்டு பேரும். நீ உள்ள போ, நனையாத. நாளைக்கே முடிச்சுத் தரேன்."

போனை வைத்த பிறகும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா? இத்தனை தடவை பேசியிருக்கா, இன்னிக்கு நீங்க கேக்கலன்னா இதுவும் தெரிஞ்சிருக்காது. வளத்தது நீங்கதானே?" என்றேன்.

"யாருக்குச் சொல்லணும்னு அவளுக்குத் தோணுச்சோ அவங்களுக்குச் சொல்லியிருப்பா" என்றாள் அக்கா. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஒவ்வொரு தடவையும் ரோட்டுல நின்னுதான் பேசியிருக்கா. நான் அவள ரோட்டுல நிக்க வெச்சிருக்கேன்டி. அது தெரியாம அங்க குளிரான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கடை முழுக்க வெள்ளை விளக்கு. ஒன்றோடொன்று இணைத்த நாற்காலிகளில் ஜனங்கள் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் எண் வந்ததும் கவுண்டரில் இருந்த இளைஞன் அக்காவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். நாடாத் துண்டில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தான்.

"போனுக்கான தவணை எல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கு மேடம். லாக் எடுக்கறதுல பிரச்சனை இல்ல. ஆனா ஏன் கம்பெனி மாறணும்? பழைய கஸ்டமர் நீங்க. அந்த லைனுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா டேட்டா போட்டுத் தரேன்."

"அவங்க வீட்டுல உங்க சிக்னல் எடுக்கல தம்பி."

"அந்தப் பக்கம் புது டவர் வருது மேடம். சீக்கிரம் வந்துடும்."

"வர்ற வரைக்கும் அவ ரோட்டுல நின்னு பேசணுமா?"

அவன் அதற்குமேல் விற்கப் பார்க்கவில்லை. "மூணாவது லைன் யாரு யூஸ் பண்றாங்க?"

"என் மக."

"அவங்க வரலையா?"

"கல்யாணமாகி வெளியூர்ல இருக்கா."

எல்லா அம்மாக்களும் சொல்கிற மாதிரியே சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாக் ஒன்றிரண்டு நாளில் கம்பெனி பக்கம் இருந்தே திறந்துவிடும், புதுச் சிம்மைப் போட்டு போனை அணைத்துப் போட்டால் போதும் என்றான். நம்பரை மாற்றாமல் போவதற்கு ஒரு ரகசிய எண் வேண்டும், அது அந்த லைனுக்கு வராது, அக்கவுண்ட் வைத்திருப்பவர் போனுக்குத்தான் வரும், லாக் திறந்த பிறகு கேட்டால் அனுப்புவார்கள் என்றான். "லைன் போயிட்டா அதோட விவரம் எதுவும் உங்க ஆப்புல தெரியாது மேடம், அத சொல்லிடறேன்."

"தெரியும்" என்றாள் அக்கா.

லாக் திறந்ததாகக் கம்பெனியில் இருந்து தகவல் வந்த அன்று, மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கினாள். வந்ததும் பாப்பாவைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பாப்பா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். இருவரும் சேர்ந்து ஏதோ ஒப்பிப்பதுபோல் இருந்தது. முடிந்ததும் அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"பாப்பா, அந்தத் துணியெல்லாம்... உன்னைக் கேக்காமக் குடுத்தது தப்புதான். கேட்டிருக்கணும்."

டீசல் வாசனையையும் அந்த அலமாரியையும் இப்போதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

"விடுங்க. பழசு" என்றாள் பாப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை. களைத்துப்போனவர்கள் சொல்வதுபோல் சொன்னாள். "வெக்கட்டுமா?"

"வைம்மா."

மறுநாள் ஒரு செய்தி வந்தது. 'போன் வேலை செய்யுது. வீட்டுக்குள்ளயே சிக்னல் இருக்கு. நன்றி.' அக்கா அதை என்னிடம் காட்டினாள். "நன்றின்னு போட்டிருக்கா. வீட்டு ஆளுங்களுக்கு நன்றி போடுவாங்களா?"

"இந்தக் காலத்துல எல்லாரும் போடறாங்கக்கா" என்றேன்.

ஆப்பில் அதன்பிறகு ஒரே ஒரு லைன்தான், அக்காவுடையது. கொஞ்ச நாள் பழக்க தோஷத்தில் மத்தியானம் திறந்து பார்ப்பாள். தான் எவ்வளவு பேசினோம் என்று தெரியும். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒருவர் மட்டும் இருக்கும் பிளானுக்கு மாறிக்கொள்ளலாம் என்று கம்பெனி செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. அவள் மாறவில்லை. ஒரு தடவை பாப்பாவைக் கூப்பிட்டாள். பழைய நம்பர்தான், மணி போனது, எடுக்கவில்லை. சாயங்காலம் பதில் வந்தது: 'வேலையில் இருந்தேன். ஏதாவது அவசரமா?' அவசரம் ஒன்றும் இல்லை என்று அக்கா திருப்பி அனுப்பினாள். அதன்பிறகு கூப்பிடவில்லை. லாக்கரைத் திறந்து டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். போன் உள்ளேயே கிடக்கும்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம். ஷிப்ட் தொடங்கும் முன் அக்கா என்னைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லாக்கர் பக்கம் நிறுத்தினாள். போனில் ஒரு படம் வந்திருந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தை. துணியில் சுற்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

"பாப்பா அனுப்பியிருக்கா. காலையில எழுந்து பாத்தா இருக்கு."

படத்துக்கு மேலே பொடி எழுத்தில், வேறு எங்கிருந்தோ எடுத்து அனுப்பியது என்று குறி இருந்தது. பலருக்கும் ஒரே நேரத்தில் போயிருக்கும். பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தட்டிவிட்டிருப்பாள், அதில் அக்கா பெயரும் இருந்திருக்கும். அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் குறியை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சலவைப் பிரிவுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். லிப்ட்காரருக்குக் காட்டினாள். சூப்பர்வைசருக்கும் காட்டினாள், அவர் நல்ல மனநிலையில் இருந்தார், திட்டவில்லை. கடைசியில் என்னிடமே திரும்பி வந்தாள்.

"மூக்கப் பாரு. அவர் மூக்குதானே?"

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவர் போய்விட்டார். அவர் படத்தைக்கூட அக்கா எனக்குக் காட்டியதில்லை.

"அப்படியே அவர்தான்க்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். தொப்பியை மாட்டிக்கொண்டு, நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே போனாள்.